பேக்கப் இருக்கு, பழைய பில் எங்கே?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ ரப்பர் ஷீட் எடுக்கும் ஒரு கடையின் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். அதனிடம் இரண்டு விதமான கேள்விகள் வரும். முதலாவது: காலையில் கடை திறந்ததும் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடிக்கிறது, சாப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது, வாசலில் ஷீட் கட்டோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். நேற்று ராத்திரி ஷட்டர் இறக்கும்போது கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே மதியத்துக்குள் வேண்டும். இரண்டாவது: 2019 அக்டோபரில் எடுத்த ஒட்டுப்பாலுக்கு (மரத்தில் ஒட்டி உலர்ந்த ரப்பர்) எடை என்ன, விலை என்ன, பணம் எந்தத் தேதியில் போயிற்று என்று ஆடிட்டர் கேட்கிறார். ஒரே ஒரு பில். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும். ஆனால் அன்றைக்குப் போட்ட பில்தான் இது, இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும்.

முதல் கேள்விக்குப் பேக்கப், இரண்டாவதற்கு ஆர்க்கைவ். “அதெல்லாம் பேக்கப் பக்காவா இருக்கு அண்ணாச்சி” என்று கணக்குப் பிள்ளை சொல்லும் கடையில் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு பென் டிரைவும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் மேசைக்கு வரும். பில் மட்டும் வராது.

பெயர்க் குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆரக்கிள் டேட்டாபேஸ் மென்பொருளில் ‘ஆர்க்கைவ்லாக் மோடு’ என்று ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றில் ‘ஆர்க்கைவ் மோடு’ உண்டு. பெயரில்தான் ஆர்க்கைவ், வேலை முழுக்கப் பேக்கப். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் லாக் கோப்புகளை எடுத்துவைத்து, விபத்து நடந்தால் இந்த நிமிடம்வரை என்று மீட்க உதவுபவை அவை. விண்டோஸ் கோப்பின் பண்புகளில் இருக்கும் ‘ஆர்க்கைவ்’ டிக்கும், கடைசிப் பேக்கப்புக்குப் பிறகு இந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று சொல்வதற்குத்தான். இன்னொரு பக்கம் ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதுவது), ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் நகல்), கிளவுட் சிங்க். இவை பேக்கப்பும் இல்லை, ஆர்க்கைவும் இல்லை. ஒரு விவசாயியின் கணக்கைத் தவறி அழித்தால், ரெய்டு அந்த அழிப்பையும் இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக எழுதிவைக்கும்.

பழைய பேக்கப்பை எடுத்து வைத்தால் போதாதா?

ஆர்க்கைவ் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், “மார்ச் 31 பேக்கப்பை வருஷா வருஷம் தனியா வச்சிருக்கோமே” என்பது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் அந்தக் கோப்பிலிருந்து ஒரு பில்லை எடுக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த டேட்டாபேஸ் மென்பொருள் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. மிகப் பழையதைப் புதியதில் ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. அதன் மேல் ஓடும் பில்லிங் சாப்ட்வேரின் அந்தக் காலத்துப் பதிப்பும் உரிமமும் வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அதைச் செய்துகொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தால், கோப்பு கையில் இருந்தும் பயனில்லை.

நம்ம மாவட்டத்தில் இதற்கு ஒப்பு சொல்ல வெளியே தேட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த மண். பல வீட்டுப் பெட்டிகளில் இன்னமும் மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரங்கள் கிடக்கின்றன. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மையும் மங்கவில்லை, வீட்டில் வாசிக்கத்தான் ஆளில்லை. அதுவாவது மலையாளம், ஆள் தேடினால் கிடைக்கும். 2009-இல் ஒருவர் தனக்கென்று எழுதிய சாப்ட்வேரின் டேபிள் அமைப்பை வாசிக்க யாரைத் தேடுவது?

பேக்கப்பின் இயல்பே சுழற்சி. தினப்படி 7, வாரப்படி 4, மாதப்படி 12 என்று வைத்து, பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போவது ஒரு சாதாரண ஏற்பாடு. பேக்கப்புக்கு அது சரியானதும்கூட. ஆனால் மே 10-ஆம் தேதி பதிவாகி, மே 12-இல் தவறி அழிந்த ஒரு எடைச் சீட்டு டிசம்பரில்தான் தெரியவருகிறது என்றால், மாதக் கடைசிப் பேக்கப்புகள் பன்னிரண்டையும் புரட்டினாலும் அது எதிலும் இருக்காது. அது இருந்தது மே 10, 11 தினப்படிப் பேக்கப்புகளில் மட்டும். அவை மே கடைசிக்குள் அழிந்துவிட்டன.

தலைகீழாகப் போடும் தப்பும் உண்டு. அமேசான் கிளவுடில் ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ விலை மலிவு என்று கேள்விப்பட்டு, தினசரிப் பேக்கப்பை அதில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அங்கே குறைந்தபட்சம் 180 நாள் கணக்கு. ஏழு நாளில் அழித்தாலும் 180 நாளுக்கான காசு போகும். கேட்டவுடன் கோப்பும் கைக்கு வராது. சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை, மலிவான முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். அதுவரை வாசலில் நிற்கிறவர் ஷீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பழைய வருஷத்துப் பில்களுக்கோ அந்த இடம் கச்சிதம்.

பேக்கப்: எதில் தவறுகிறது

நம்மூர்க் கடைகளில் பேக்கப் தவறுவதற்கு ஒரு எளிய காரணம் மெயின் சுவிட்ச். சாப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் ராத்திரி 2 மணிக்கு என்று நேரம் வைத்துவிட்டுப் போயிருப்பார். கடைக்காரர் ராத்திரி 8.30-க்கு மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார், இடிமின்னல் மாதங்களில் கண்டிப்பாக. அந்த 2 மணிப் பேக்கப் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் நம்ப வேண்டும். அதில் நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கு 1.30 என்றும் மாலை 8.00 என்றும் வையுங்கள். ‘குறித்த நேரம் தவறினால் முடிந்தவுடன் ஓட்டு’ என்ற பெட்டியிலும் டிக் போடுங்கள். லேப்டாப் என்றால் ‘மின்சாரத்தில் இருந்தால் மட்டும் ஓட்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்பை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் மாட்டும். நல்ல காலம் இருந்தால் திறக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்றால் ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ கட்டளையில் ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ தேர்வைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் டம்ப் தொடங்கிய கணத்து நிலை முழுசாக வரும், கடையில் பில் போடுவதும் நிற்காது. இன்னோடிபி என்ற வகை டேபிள்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ‘ரொட்டீன்ஸ்’, ‘ஈவன்ட்ஸ்’ இரண்டையும் சொல்லாமல் விட்டால், டேபிள்கள் வரும், உள்ளே எழுதிய புரொசீஜர்கள் (சிறு நிரல்கள்) வராது. ரீஸ்டோர் பண்ணிய பிறகுதான் “லெட்ஜர் ரிப்போர்ட் மட்டும் எரர் அடிக்குது” என்று தெரியும்.

எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான அடுக்கு: ஞாயிறு முழுப் பேக்கப், தினமும் டிஃபரன்ஷியல் (கடைசி முழுப் பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும்), 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப். இதில் சத்தமில்லாமல் நடக்கும் ஒரு விபத்து உண்டு. புதன்கிழமை சர்வீஸ் ஆள் வருகிறார். சாப்ட்வேரை அப்டேட் செய்வதற்கு முன் பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று ஒரு முழுப் பேக்கப்பைத் தன் பென் டிரைவில் எடுக்கிறார், வேலை முடிந்து பென் டிரைவோடு போகிறார். அன்றிரவு முதல் எடுக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பேக்கப்பை விட்டுவிட்டு, அவர் பையில் இருக்கும் பேக்கப்பைத்தான் அடிப்படையாகக் கொள்ளும். வெள்ளிக்கிழமை டிஸ்க் போனால், ஞாயிறு முழுப் பேக்கப்பின் மேல் வியாழன் டிஃபரன்ஷியல் ஏறாது. லாக் சங்கிலி அறுந்திருக்காது என்பதால், ஞாயிறு முதல் எல்லா லாக்கும் இருந்தால் அவற்றை வரிசையாக ஏற்றித் தப்பலாம். இல்லாவிட்டால் சர்வீஸ் ஆளுக்குப் போன் போட வேண்டியதுதான். வெளியிலிருந்து வருகிறவர்கள் எடுக்கும் பேக்கப்பில் ‘காப்பி ஒன்லி’ தேர்வு இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் மேலேயே ஒரு தாள் ஒட்டிவையுங்கள்.

மாதம் ஒரு தடவையாவது ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பை நம்பிப் பிரயோசனமில்லை. ‘வெரிஃபை ஒன்லி’ கட்டளை, கோப்பு முழுசாக இருக்கிறது, வாசிக்க முடிகிறது என்றுதான் சொல்லும்; உள்ளே இருக்கும் கணக்கு சரியா என்று சொல்லாது. ஒத்திகைக்கு வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். முழுப் பேக்கப்பை ‘நோ ரெகவரி’ நிலையில் ஏற்றுங்கள். அதன் மேல் டிஃபரன்ஷியல், பிறகு லாக்குகள் வரிசையாக. கடைசி லாக்கில் ‘ஸ்டாப் அட்’ என்று நேரம் கொடுத்து, ‘ரெகவரி’ என்று முடியுங்கள். நடுவில் எங்காவது மறந்து ‘ரெகவரி’ கொடுத்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் ஏறாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்றி முடித்ததும், டேட்டாபேஸின் உள்ளமைப்பைச் சோதிக்கும் ‘செக்டிபி’ ஓட்டுங்கள். பிறகு சாப்ட்வேரைத் திறந்து, நேற்றைய கடைசிப் பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் கடையின் சிட்டையோடு ஒப்பிடுங்கள். தொடக்கம் முதல் இதுவரை எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘எவ்வளவு நேரத்தில் கடை மறுபடி ஓடும்’ என்று யாராவது கேட்டால் அந்த எண்தான் பதில்.

கிளவுடுக்கு ஏற்றுகிறவர்கள் கணக்கு ஒன்றையும் போட்டுக்கொள்ள வேண்டும். 10 ஜிபி கோப்பு, அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் லைன் அறுபடாமல் இருந்தாலே ஒரு மணி ஏழு நிமிடம். ராத்திரி 8.00-க்குத் தொடங்கி 8.30-க்கு மெயினை அணைத்தால் ஒரு நாளும் முடியாது. முழுப் பேக்கப்பை ஞாயிறு மதியத்துக்கு மாற்றி, மற்ற நாளில் டிஃபரன்ஷியல் மட்டும் போகட்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் எடுப்பவர்கள் எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேர் வைரஸ் பேக்கப்போடு சேர்த்துப் பூட்டிவிடும்.

ஆர்க்கைவ்: எதை, எப்போது, எப்படி நகர்த்துவது

ஆர்க்கைவ் பண்ண வேண்டும் என்ற எண்ணம் வருவதே பெரும்பாலும் ஒரு எரர் செய்தியால்தான். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 பதிப்புவரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை. அதைத் தொட்டதும் பில் விழாது. ரப்பர் கடைக் கணக்கு எப்படி 10 ஜிபி ஆகும் என்று தோன்றலாம். எடைச் சீட்டின் போட்டோவை டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டிருப்பார்கள். நாளைக்கு 150 சீட்டு, ஒன்று 200 கேபி என்றால் 30 எம்பி; 300 வேலை நாளில் 9 ஜிபி. எண்களுக்கும் எழுத்துகளுக்கும் ஆவது அதில் ஒரு துளிதான். இதற்கு மருந்து ஆர்க்கைவ் அல்ல. போட்டோக்களை வெளியே ஒரு போல்டருக்கு மாற்றி, டேட்டாபேஸில் பாதையை மட்டும் வைத்தால் போதும். ஆனால் மாற்றிய அன்றே அந்தப் போல்டரைப் பேக்கப்பில் சேர்க்க வேண்டும். இதைத்தான் மறப்பார்கள்: பேக்கப் சட்டென்று முடிகிறதே என்று சந்தோஷப்பட்டு, ஆறு மாதம் கழித்து, ஒரு போட்டோவும் எங்கும் எடுக்கப்படவில்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

உண்மையான ஆர்க்கைவுக்கு நேரம் குறிக்க ஏப்ரல் 1 சரிப்படாது. ஆடிட் முடிய வேண்டும், ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் போக வேண்டும். அதற்கான கடைசித் தேதி வழக்கமாக டிசம்பர் 31. ரப்பர் கடைக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிப்ரவரி வாக்கில் மரம் இலை உதிர்த்துப் பால் வெட்டு ஓய்ந்திருக்கும், கடையில் கூட்டம் இருக்காது. அந்த வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

எதை நகர்த்துவது என்பதில்தான் புத்தி வேண்டும். தேதியை மட்டும் பார்த்து வெட்டினால் கணக்கு உடையும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பில், ஆனால் அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை என்றால் அது நகரக் கூடாது. பில்லும் அதோடு ஒட்டிய ரசீதுகளும் முழுசாக முடிந்திருந்தால் மட்டும் நகரலாம். சீட்டு நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. 40 மாதச் சீட்டு நான்கு நிதியாண்டுகளையாவது தொடும். மார்ச் 31 என்று கோடு கிழித்தால் ஒரே சீட்டின் ஏலம் ஒரு பக்கம், தவணை இன்னொரு பக்கம் என்று போய்விடும். அங்கே வெட்டும் கோடு, சீட்டு முடிந்த தேதி.

அடுத்தது மாஸ்டர் தகவல். பில் டேபிளில் விவசாயி எண் 4127 என்று மட்டும் இருக்கும். பெயரும் ஊரும் வேறொரு டேபிளில். 2019-இல் அவர் அருமனை, 2023-இல் வீடு மாறித் தக்கலை. பழைய பில்லை இன்று எடுத்தால் தக்கலை என்று அச்சாகும், கையிலிருக்கும் அசல் தாளோடு ஒத்துப்போகாது. ஆர்க்கைவுக்கு நகர்த்தும்போது பெயர், முகவரி, வரி விகிதம், அன்றைய விலை எல்லாவற்றையும் பில்லின் பதிவிலேயே எழுதி உறையவைத்துவிட வேண்டும். 2017 ஜூலை 1-க்கு முந்தைய பில்கள் இருந்தால் அவற்றின் வாட் பத்திகளை ஜிஎஸ்டி பத்திகளுக்குள் திணிக்காமல் தனியே விடுங்கள்.

நகர்த்தும் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். முதலில் ஒரு முழுப் பேக்கப், அதைத் தனியே எடுத்துவைத்து, அடுத்த ஆடிட் முடியும்வரை அழிக்காமல் இருங்கள். தேர்ந்தெடுத்த வரிகளை ஆர்க்கைவ் டேபிளுக்குக் காப்பி பண்ணுங்கள். பிறகு இரண்டு பக்கமும் எண்ணுங்கள்: எத்தனை பில், மொத்தக் கிலோ எவ்வளவு, மொத்த ரூபாய் எவ்வளவு, முதல் எண் எது, கடைசி எண் எது. எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனால் போதாது. பைசாவை விழுங்கும் பத்தி வகையை யாராவது வைத்திருந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், மொத்தம் உதைக்கும். மாதவாரியாக ஒப்பிட்டால் எங்கே உதைக்கிறது என்று உடனே தெரியும். எல்லாம் ஒத்த பிறகுதான் மூல டேபிளில் அழிக்க வேண்டும். அதிலும் முதலில் பில்லின் உள்வரிகள், பிறகு பில் தலைப்பு. ஒரே அடியில் லட்சம் வரியை அழிக்காதீர்கள். ஒரு கட்டளை ஏறத்தாழ 5,000 பூட்டுகளைத் தாண்டினால் எஸ்க்யூஎல் சர்வர் டேபிளையே பூட்டிவிடும், லாக் கோப்பும் ஊதிப்போகும். 2,000 வரி 2,000 வரியாக, நடுவில் லாக் பேக்கப்போடு போனால் சத்தமில்லாமல் முடியும்.

அழித்த பிறகு “கோப்பு குறையவே இல்லையே” என்று பதறுவார்கள். குறையாது. மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் பெரும்பாலும் அதே கதைதான். காலியான இடம் கோப்புக்குள்ளேயே இருந்து புதுப் பில்களுக்குப் பயன்படும், அதனால் எக்ஸ்பிரஸின் 10 ஜிபி எல்லை மறுபடி இடிக்காது. வற்புறுத்திச் சுருக்கினால் இன்டெக்ஸ்கள் சிதறி ரிப்போர்ட் மெதுவாகும். சும்மா விடுவதே நல்லது.

டேலி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அதில் பேக்கப், ரீஸ்டோர் ஒரு வசதி. நிதியாண்டு வாரியாகக் கம்பெனித் தரவைப் பிரிப்பது இன்னொரு வசதி. பிரிப்பதற்கு முன் பேக்கப் எடுத்து, தரவைச் சரிபார்க்கும் தேர்வையும் ஓட்டிவிடுங்கள். ரீஸ்டோர் பண்ணும்போது எப்போதும் புதிய போல்டருக்குப் பண்ணுங்கள். பழைய பில் ஒன்றைப் பார்ப்பதற்காக, நடப்புத் தரவு இருக்கும் இடத்திலேயே போன வருஷத்துப் பேக்கப்பை இறக்கி, இந்த வருஷக் கணக்கை மேலெழுதிவிடும் விபத்து நடக்கிற ஒன்றுதான்.

தமிழ் எழுத்து கெட்டுப்போகும் இடம்

ஆர்க்கைவ் கோப்பை சாப்ட்வேரின் தயவில்லாமல் திறக்க முடிய வேண்டும். தரவுக்கு யுடிஎஃப்-8 (யூனிகோடு) வடிவில் சிஎஸ்வி எனும் சாதாரண எழுத்துக் கோப்பு, பார்வைக்கு நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவில் பில் படிவங்கள், கூடவே ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள் என்று தமிழில் எழுதிய ஒரு தாள். பெரும்பாலான கடைகளுக்கு இது போதும். அந்தத் தாளில் ‘கிரேடு 4 என்றால் ஆர்எஸ்எஸ் 4 ஷீட், 9 என்றால் ஒட்டுப்பால்’ என்பதுவரை எழுத வேண்டும். கடைக்குள் எல்லோருக்கும் தெரிந்த குறி பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது.

யூனிகோடு பரவுவதற்கு முன் டைப் செய்த தரவு பாமினி போன்ற எழுத்துருவிலோ, 1999-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற டாம், டாப் குறியீடுகளிலோ இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு மேலே போர்த்தியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. சிஎஸ்வியாக எடுத்த கணத்தில் போர்வை போய்விடும். பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றாத மூலப் பத்தியையும் பக்கத்தில் வையுங்கள். மாற்றியின் தப்பு என்றைக்காவது தெரியவந்தால் அப்போது திரும்பிப் பார்க்க ஏதாவது இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ‘லத்தீன்1’ என்று வைத்துக்கொண்டு தமிழை எக்ஸ்போர்ட் பண்ணினால் பெயர்கள் கேள்விக்குறி வரிசையாக மாறும். அது திரும்ப வராது.

எக்ஸலில் திறந்து, “சும்மா பார்த்துவிட்டு” சேவ் பண்ணுவதும் ஆபத்து. எக்ஸல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிரும். 05-06 என்பது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்பது அந்தக் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பைப் பொறுத்தது. ஆர்க்கைவ் கோப்பு உருவான உடனே அதை வாசிக்க மட்டும் என்று பூட்டி, ஷா-256 கைரேகை எடுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண் அது, உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். விண்டோஸில் ‘சர்ட்யூட்டில்’ கட்டளையே இதைச் செய்யும், தனி மென்பொருள் வேண்டாம். 64 எழுத்து வரும். அதை அச்சடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஃபைலில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் இந்தக் கைரேகை எண்ணைக் குறிக்கும் இடம் இருக்கிறது. கோப்பு மாறவில்லை என்று வாயால் சாதிப்பதைவிட இது எளிது.

எத்தனை வருஷம் என்பதற்குச் சட்டமே அளவு சொல்கிறது. ஜிஎஸ்டியில் அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023–24 கணக்கு என்றால், கடைசித் தேதி 2024 டிசம்பர் 31, வைத்திருக்க வேண்டியது 2030 டிசம்பர் 31 வரை. அப்பீலோ வழக்கோ நடந்தால், அது முடிந்து ஒரு வருஷம் வரை அல்லது இந்தத் தேதி வரை, எது பிந்தையதோ அதுவரை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டு. அவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தப் பதிவேடு கட்டாயம் என்பதால், பில்லோடு ‘யார், எப்போது மாற்றினார்’ என்ற அந்த டேபிளும் ஆர்க்கைவுக்குப் போக வேண்டும். மருத்துவமனைகளில் உள்நோயாளிப் பதிவேடு சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருஷம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

உப்புக் காற்று, மழை, தூரம்

குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் பிளான்ட் ஆபீஸ்களில் யுஎஸ்பி முனைகள் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். உப்புக் காற்றோடு அமோனியா கசிவும் செம்பைத் தின்னும். பேக்கப் டிஸ்க் தினமும் கைபடுவது, கெட்டால் உடனே தெரியும், வேறு வாங்கலாம். ஆர்க்கைவ் டிஸ்க் வருஷத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும், கெட்டதே தெரியாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள், வருஷம் ஒரு முறை திறந்து கைரேகை எண்ணை மறுபடி ஒப்பிடுவது, நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை புது டிஸ்குக்கு மாற்றுவது, இவ்வளவும் வேண்டும். ஏசி அறையிலிருந்து மழைக்கால ஈரத்துக்குள் கொண்டுவந்தால் உடனே மாட்டாமல் சில மணி நேரம் அப்படியே விடுங்கள், வியர்த்திருக்கும்.

எஸ்எஸ்டியும் பென் டிரைவும் ஆர்க்கைவுக்கு ஆகாது. சாதாரண எஸ்எஸ்டிக்கு உள்ள ஜெடெக் (சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தர அளவே, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தரவு தாங்க வேண்டும் என்பதுதான். நம்ம ஊரில் மட்டுப்பாவுக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே இருக்கும் அறையின் அலமாரி ஏப்ரலில் அதைத் தாண்டிவிடும்.

இரண்டாவது காப்பி எங்கே என்று கேட்டால், “நாகர்கோவில் பிராஞ்சில் ஒன்று, மார்த்தாண்டத்தில் ஒன்று” என்பார்கள். தீப்பிடித்தால், திருடு போனால் அது போதும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடித்தது. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டில் கிடந்தது. சரி, திருநெல்வேலியில் வைக்கலாம் என்றால், 2023 டிசம்பர் 17, 18 மழை நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி நான்கையும் சேர்த்தே பிடித்தது. அதனால் ஒரு காப்பியாவது மும்பை, ஹைதராபாத் போன்ற கிளவுட் மையத்தில் இருக்கட்டும். பேக்கப்புக்கு மாவட்டத்துக்குள் ஒரு காப்பி கண்டிப்பாக வேண்டும். இணையம் அறுந்த நாளிலும் அதிலிருந்து ஏற்றலாம். ஆர்க்கைவுக்கு அந்த அவசரம் கிடையாது, இரண்டுமே வெளியூரில் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அதுவும் இரண்டு காப்பி. மூல டேபிளிலிருந்து அழித்துவிட்டோம் அல்லவா, ஒரே காப்பி என்றால் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அழிக்கும் தேதியும் ஆர்க்கைவின் ஒரு பாகம். விவசாயிகளின் ஆதார் நகலும் பாஸ்புக் போட்டோவும் காலமெல்லாம் நம்மிடம் கிடக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து, சட்டக் கெடுவும் முடிந்த தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நோட்டீஸ் வந்திருக்கும் பில்களை மட்டும் அழிக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மற்றதை அழித்து, அழித்ததற்கு ஒரு வரி எழுதிவையுங்கள்.

டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டில் ‘பேக்கப்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த நிதியாண்டு, எத்தனை பில், மொத்த ரூபாய், கைரேகை எண்ணின் முதல் எட்டு எழுத்து, எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம், இவ்வளவும் வேண்டும். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டியது என்றால் அதன் 48 இலக்க மீட்பு எண் அந்த டப்பாவுக்குள் இருக்கக் கூடாது. உறையில் போட்டு பாங்க் லாக்கரில், நிலப் பத்திரத்தோடு வையுங்கள்.